பாட்டியின் கல் வைரமா? கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு நாள் படிக வேட்டை

கண்ணாடியைக் கீறும் கல் வைரம்தானா? இந்தக் கேள்விக்குத் தவறான பதிலை நம்பி, என் நண்பர் ஒருவர் 1,500 ரிங்கிட் கொடுக்கத் தயாராக இருந்தார்.

அவர் லாரி ஓட்டுநர். தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய பாட்டி கோப்பேங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒரு நாள் ஓடையில் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மணலுக்குள் தெளிந்த கண்ணாடி போன்ற ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. அதைச் சாமி மேடையில் வைத்துவிட்டார். தோட்டம் போனது, லயங்களும் போயின, பாட்டியும் போய்ச் சேர்ந்தார். கல் மட்டும் பேரனிடம் வந்தது.

யாரோ சொன்னார்கள் என்று நண்பர் அந்தக் கல்லை உடைந்த சன்னல் கண்ணாடி ஒன்றின் மேல் இழுத்துப் பார்த்திருக்கிறார். ஆழமான கீறல் விழுந்தது. அதைக் கேள்விப்பட்ட ஒருவர், "இது பட்டை தீட்டாத வைரம். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. சான்றிதழ் எடுக்க முதலில் 1,500 ரிங்கிட் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

"கண்ணாடியையே கீறிடுச்சு வாத்தியாரே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று நண்பர் என்னிடம் கேட்டார்.

"ஒரு வாரம் பொறு. பணம் எதுவும் கொடுக்காதே. சனிக்கிழமை பாட்டி கல்லை எடுத்த இடத்துக்கே போய்ப் பார்க்கலாம்" என்றேன்.

அப்படித்தான் நண்பர்கள் நான்கு பேர், ஒரு சமையலறைத் தராசு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, பாகைமானி, பழைய கத்தி, வினிகர் புட்டி, பொட்டலம் கட்டிய நாசி லெமாக் ஆகியவற்றோடு ஈப்போவிலிருந்து புறப்பட்டோம்.

கற்கண்டும் கல்லும்

முதலில் ஒரு சிறு பாடம். படிகம் என்றால் என்ன?

வீட்டில் கற்கண்டு இருந்தால் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் தெரியும். யாரும் அதை அரத்தால் தேய்த்து அப்படி ஆக்கவில்லை. சர்க்கரைப் பாகு மெல்ல ஆறும்போது, சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை தப்பாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டதால் வந்த வடிவம் அது. அணுக்களோ மூலக்கூறுகளோ இப்படி ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திண்மப் பொருளே படிகம். உப்பு, படிகாரம், குவார்ட்ஸ், வைரம் எல்லாம் இந்த வகை. கண்ணாடி இந்த வகையல்ல. பார்வைக்குப் படிகம்போல் மின்னினாலும், அதன் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலைந்து கிடக்கின்றன.

உள்ளே இருக்கும் இந்த ஒழுங்கு வெளியே எப்படித் தெரியும்? 1669ஆம் ஆண்டில் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர் இதைக் கவனித்து எழுதினார். குவார்ட்ஸ் படிகம் சிறிதோ பெரிதோ, குட்டையோ நெட்டையோ, அடுத்தடுத்த பக்க முகங்களுக்கு இடையிலுள்ள கோணம் மட்டும் மாறுவதில்லை. அது எப்போதும் 120 பாகை. அணு என்பதை யாரும் கண்டிராத காலத்தில், கோணத்தை அளந்தே ஒரு கல்லை அடையாளம் காணலாம் என்று இதனால் தெரியவந்தது. நாங்கள் பாகைமானியைப் பையில் போட்டுக்கொண்டது இதற்காகத்தான்.

கடல் கொடுத்த கல், நெருப்பு கொடுத்த கல்

சிம்பாங் பூலாயைத் தாண்டிக் கோப்பேங் போகும் சாலையில் இடது பக்கம் பார்த்தால் செங்குத்தான வெள்ளைப் பாறைக் குன்றுகள் நிற்கும். அவற்றுக்குப் பின்னால் நீல நிறத்தில் உயரமாகத் தெரிவது தித்திவங்சா மலைத்தொடர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் பிறப்பால் வேறானவை.

வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கிந்தா பள்ளத்தாக்கு இருக்கும் இடம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தது. சிப்பி, பவளம் போன்ற கடல் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து இறுகியதே இந்தக் கல். வெற்றிலையோடு பாட்டி சேர்த்துக்கொண்ட சுண்ணாம்பும் இதே குடும்பந்தான்.

பின்னால் இருக்கும் மலைத்தொடர் கருங்கல், அதாவது கிரானைட். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூமிக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து, வெளியே வராமல் உள்ளேயே மெல்ல மெல்ல ஆறியது. மெல்ல ஆறியதால் அணுக்கள் அடுக்கிக்கொள்ள நேரம் கிடைத்தது, படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. உங்கள் வீட்டில் பழைய அம்மிக்கல் இருந்தால் ஓரத்தை நனைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ட்ஸ்பார். கறுப்பாக மினுக்கும் ஏடுகள் மைக்கா. நம் பெரியவர்கள் மைக்காவைக் காக்காய்ப்பொன் என்பார்கள்.

பாறைக் குழம்பு ஆறும்போது கடைசியில் மிச்சமாவது சூடான நீர். சிலிக்காவும், ஈயம் போன்ற உலோகங்களும் அதில் கரைந்திருக்கும். அந்த நீர் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து மேலேறும். மேலே வர வர ஆறும். ஆறும்போது கரைந்திருந்தவை படிகமாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குவார்ட்ஸ் நரம்புகள் இப்படித்தான் உருவாயின. பேராக்கை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஈயமும் அதே வழியாகத்தான் வந்தது.

இதில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் 'ஈயச் சுரங்கம்', 'ஈயக் குட்டை' என்று சொல்லும்போது குறிப்பது வெள்ளீயம். பழைய மின்கலங்களில் இருக்கும் நச்சுத்தன்மை கொண்ட காரீயம் வேறு உலோகம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. அது 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால்தான் சொம்பில் ரசமோ நீரோ இல்லாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். நீர் உள்ளே இருக்கும்வரை சூடு ஏறத்தாழ 100 பாகையைத் தாண்டாது.

முதல் நிறுத்தம்: இரண்டாகத் தெரிந்த எழுத்து

சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்துக்கு நாங்கள் போகவில்லை. காரணம் உண்டு. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் ஈப்போ குனோங் செரோவில் பெரும் பாறை ஒன்று பெயர்ந்து, கீழே இருந்த வீடுகள் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மழைநீர் சுண்ணாம்புக்கல்லை மெல்லக் கரைத்து வெடிப்புகளை அகலமாக்கிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பாறை எப்போது விழும் என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

அதற்குப் பதிலாக, சலவைக்கல் அறுக்கும் ஒரு பட்டறையின் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். அவர் காட்டிய கழிவுக் குவியலில் கைப்பிடி அளவு வெள்ளைக் கல் ஒன்று கிடைத்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

துணியைப் பிரித்தபோது உள்ளே இருந்த துண்டுகள் எல்லாம் ஒரே சாயலில் இருந்தன. சாய்த்து வைத்த சிறு பெட்டிகள் மாதிரி. பெரிய துண்டின் முகத்தில் பாகைமானியை வைத்தோம். ஒரு மூலை 102 பாகை, அடுத்த மூலை 78 பாகை. சிறிய துண்டிலும் அப்படியே. இது கால்சைட், அதாவது படிகமான கால்சியம் கார்பனேட். அதன் அணு அடுக்குகளுக்கு இடையில் மூன்று திசைகளில் பிணைப்பு பலவீனமாக இருக்கிறது. எத்தனை முறை உடைத்தாலும் அந்தத் திசைகளிலேயே பிளக்கும்.

தெளிவான ஒரு துண்டை நாசி லெமாக் கட்டிய செய்தித்தாளின் மேல் வைத்தோம். கீழே இருந்த ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரிந்தது! லாரி நண்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கால்சைட்டுக்குள் நுழையும் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிந்து, வெவ்வேறு வேகத்தில் போகிறது. இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். இதை முதலில் விவரித்தவர் எராஸ்மஸ் பார்த்தோலின். அவரும் டென்மார்க்காரர்தான், ஆண்டும் அதே 1669.

அடுத்து, உடைந்த தூளின் மேல் இரண்டு சொட்டு வினிகர். நுரை கிளம்பியது. அமிலம் கார்பனேட்டோடு வினைபுரிந்து கரிவளியை வெளியேற்றுகிறது. கடைசியாக, கத்தி முனையால் கல்லில் ஒரு கோடு போட்டேன். எளிதாகக் கீறல் விழுந்தது.

"பாட்டி கல்லில் கத்தி ஏறவே இல்லை" என்றார் நண்பர்.

"நல்லது. அப்படியென்றால் பாட்டி கல் கால்சைட் இல்லை. ஒரு பெயரை அடித்துவிட்டோம்" என்றேன்.

கல்லை அடையாளம் காண்பது இப்படித்தான். என்னவாக இருக்கக்கூடும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சோதனையிலும் ஒவ்வொரு பெயராக நீக்கிக்கொண்டு வர வேண்டும்.

இரண்டாம் நிறுத்தம்: ஓடையும் டூலாங்கும்

பாட்டி வேலை செய்த தோட்டத்தில் இன்று பாதி செம்பனை, மீதி வீடமைப்புப் பகுதி. ஓடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் ஒரு கரை ஒரு டுரியான் தோப்புக்குள் ஓடுகிறது. தோப்புக்குச் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய ஹக்கா சீன மூதாட்டி. நண்பரின் பாட்டியைத் தெரியும் என்று சொன்ன பிறகு, எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துத்தான் உள்ளே விட்டார்.

அவர் வீட்டுச் சுவரில் பெரிய மரத்தட்டு ஒன்று தொங்கியது. நடுவில் குழிந்த அந்தத் தட்டுக்கு டூலாங் என்று பெயர். இளம் வயதில் அவர் உரிமம் வாங்கி, இடுப்பளவு நீரில் நின்று ஈயமணல் அரித்தவராம். நாங்கள் கேட்டதும் தட்டைக் கழற்றி, ஒரு பெரிய தொட்டியில் செய்து காட்டினார். மணலும் நீருமாகத் தட்டைச் சுழற்றினார். வெள்ளை மணல் விளிம்பைத் தாண்டி வெளியேறிக்கொண்டே இருந்தது. நாலைந்து நிமிடங்களில் நடுக்குழியில் ஒரு சிட்டிகை கறுப்பு மணல் மட்டும் மிஞ்சியது.

அவர் கை செய்ததை நாம் கணக்காகச் செய்து பார்ப்போம். ஈயத்தாதுவான காசிட்டரைட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65 கிராம். ஒரே அளவுள்ள இரண்டு மணிகளை எடுத்தால், ஈயமணி 2.6 மடங்கு கனம். நீருக்குள் என்ன ஆகும்? ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் நீர் 1 கிராம் எடையைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஈயமணிக்கு 6, மணலுக்கு 1.65 என்று குறைகிறது. இப்போது வித்தியாசம் 3.6 மடங்கு! நீருக்குள் போனதும் கனமானதற்கும் லேசானதற்கும் உள்ள இடைவெளி கூடிவிடுகிறது. அதனால்தான் ஈயத்தை நீரில் அரித்தார்கள்.

நீண்ட மரப்பாத்தியான பாலோங் செய்ததும் இதே வேலைதான். தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் டிடி5 ஈயக்கப்பல் செய்ததும் இதுதான். 1938இல் கட்டப்பட்டு, 1982 வரை உழைத்த அந்த 4,500 டன் இயந்திரத்தின் தத்துவம் அந்த அம்மாவின் மரத்தட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்த பிறகு, கிந்தாவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

அந்தக் கறுப்பு மணலை நாங்கள் வீட்டுக்கு எடுத்து வரவில்லை. அதில் ஈயத்தோடு அமாங் எனப்படும் வேறு கனிமங்களும் கலந்திருக்கும். அவற்றில் ஒன்றான மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டோம்.

பிறகு ஓடையில் இறங்கினோம். கணுக்கால் அளவு நீர்தான். அரை மணி நேரம் தேடியதில் கருங்கல் துண்டு ஒன்றில் வெள்ளை நரம்பு ஓடுவதைக் கண்டோம். நரம்பின் நடுவே சிறு பொந்து. பொந்துக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஐந்தாறு தெளிவான படிகங்கள் நுனி கூராக நின்றன. பக்கத்திலேயே ஊசி ஊசியாகக் கறுப்பு டூர்மலின். நரம்பில் இடம் இருந்த இடத்தில் மட்டும் படிகம் முழு வடிவத்தோடு வளர்ந்திருக்கிறது. இடம் இல்லாத இடத்தில் ஒன்றையொன்று நெருக்கி வெறும் வெள்ளைக் கட்டியாகிவிட்டது. இரண்டும் ஒரே குவார்ட்ஸ்தான்.

நண்பர் கைக்குட்டையைப் பிரித்துப் பாட்டியின் கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

தராசு சொன்ன தீர்ப்பு

மூதாட்டியின் வீட்டு மேசையில் சோதனைகளைத் தொடங்கினோம். கல்லுக்குச் சேதம் வராத சோதனைகளாகவே தேர்ந்தெடுத்தோம்.

முதலில் கடினத்தன்மை. 1812இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 10 கனிமங்களை வரிசைப்படுத்தினார். 1 மிக மென்மை, 10 மிகக் கடினம். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும். நம் விரல் நகம் 2.5. கால்சைட் 3. சன்னல் கண்ணாடியும் கத்தியும் ஏறத்தாழ 5.5. குவார்ட்ஸ் 7. வைரம் 10. இப்போது யோசியுங்கள். வைரம் கண்ணாடியைக் கீறும் என்பது உண்மை. ஆனால் 5.5க்கு மேலே உள்ள எல்லாமே கண்ணாடியைக் கீறும். "வைரம் கண்ணாடியைக் கீறும்" என்பதைத் திருப்பிப் போட்டு "கண்ணாடியைக் கீறுவது வைரம்" என்று சொன்னதில்தான் தவறு நடந்தது. மாடு புல் தின்னும் என்பதற்காகப் புல் தின்னும் எல்லாவற்றையும் மாடு என்று சொல்லலாமா? ஓடையில் எடுத்த சிறு படிகத்தால் ஒரு காலிப் புட்டியைக் கீறிக் காட்டினேன். அதே போல் ஆழமான கீறல்.

இரண்டாவது அடர்த்தி. இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். கல்லைத் தராசில் வைத்தோம், 53 கிராம். பிறகு ஒரு குவளையில் முக்கால் பாகம் நீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கினோம். கல்லை நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீருக்குள் தொங்கவிட்டோம். தராசு 20 கிராம் காட்டியது.

இந்த 20 எங்கிருந்து வந்தது? நீர் கல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. கல்லும் அதே அளவுக்கு நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தத் தள்ளல் கல் ஒதுக்கிய நீரின் எடைக்குச் சமம் என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். 20 கிராம் நீர் என்றால் 20 கன சென்டிமீட்டர். அதுவே கல்லின் கன அளவு. 53ஐ 20ஆல் வகுத்தால் 2.65. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. வைரத்தின் அடர்த்தி 3.52. கல் வைரமாக இருந்திருந்தால் தராசு 15 காட்டியிருக்கும்.

எங்கள் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. உண்மையான எண் 19.5 முதல் 20.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அடர்த்தி 2.59 முதல் 2.72 வரை. கால்சைட்டும் (2.71) அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் கத்தி ஏறாததால் கால்சைட்டை முன்பே நீக்கிவிட்டோம். ஒரு சோதனை விட்ட இடைவெளியை இன்னொன்று அடைக்கிறது. ஒருவேளை தராசு 15 காட்டியிருந்தாலும் உடனே வைரம் என்று துள்ளக் கூடாது. டோபாஸ் என்ற கல்லின் அடர்த்தியும் ஏறத்தாழ 3.5 தான்.

மூன்றாவது கோணம். ஓடையில் உருண்டு கல்லின் பெரும்பகுதி தேய்ந்திருந்தாலும், ஒரு பக்கத்தில் இரண்டு முகங்களும் நடுவில் ஒரு விளிம்பும் மிச்சமிருந்தன. ஓர் அட்டையில் 120 பாகைக்கு ஒரு வெட்டு வெட்டி, விளிம்பின் மேல் கவிழ்த்தோம். இடைவெளியில்லாமல் பொருந்தியது. முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் குறுக்கே மெல்லிய இணைகோடுகள். குவார்ட்ஸின் பக்க முகங்களில் இது அடிக்கடி காணப்படும் அடையாளம். கண்ணாடித் துண்டுக்கு இப்படிப்பட்ட முகமும் கோணமும் இயல்பாக வராது.

மூன்று சாட்சிகளும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டன. பாட்டியின் கல் குவார்ட்ஸ், நம் பெரியவர்கள் மாலையாகக் கோத்து அணியும் ஸ்படிகம்.

இடமும் அதையே சொல்கிறது. வைரம் பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடும் அழுத்தத்தில் கரியிலிருந்து உருவாவது. கிம்பர்லைட் போன்ற அரிய எரிமலைப் பாறைகள் அதை மேலே கொண்டுவருகின்றன. இந்த ஓடை இறங்கி வரும் மலையோ சில கிலோமீட்டர் ஆழத்தில் ஆறிய கருங்கல். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1 கிராம் என்பது 5 காரட். 53 கிராம் என்றால் 265 காரட். புகழ்பெற்ற கோஹினூர் வைரமே இன்று 105.6 காரட்தான், ஏறத்தாழ 21 கிராம். கோஹினூரைப்போல் இரண்டரை மடங்கு கனமான வைரத்துக்குச் சான்றிதழ் வாங்க 1,500 ரிங்கிட் கேட்டு யாராவது வீடு தேடி வருவார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நண்பர் சிரித்தார். அங்கேயே கைப்பேசியை எடுத்து, பணம் தரப்போவதில்லை என்று செய்தி அனுப்பிவிட்டார்.

வைரம் இல்லையென்றால் வெறும் கல்லா?

திரும்பி வரும் வழியில் அவர் கொஞ்சம் வாடிப்போய்த்தான் இருந்தார். "அப்ப இது சும்மா கல்லுதானா?" என்றார். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

அதற்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும். இந்தப் பண்பை 1880இல் பிரான்சின் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கிறது. அந்த எண் ஏன்? அதை 2ஆல் வகுத்துக்கொண்டே வாருங்கள். சரியாக 15ஆவது முறை 1 வரும். கடிகாரத்தின் மின்சுற்று அப்படித்தான் பாதி பாதியாகக் குறைத்து, வினாடிக்கு ஒரு துடிப்பாக்கி முள்ளை நகர்த்துகிறது. இதற்குத் தேவையான குவார்ட்ஸைத் தொழிற்சாலைகளிலேயே வளர்க்கிறார்கள். உயர் அழுத்தத்தில், சூடான நீரில் சிலிக்காவைக் கரைத்து வளர்க்கும் முறை அது. கிந்தா மலைகளின் வெடிப்புகளில் இயற்கை செய்ததும் ஏறத்தாழ இதே வேலைதான்.

கல்லைக் கவனித்துப் பார்த்தவர்களில் நமக்கு நெருக்கமான ஒருவர் சர் சி. வி. ராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். படிகங்கள் மேலும் மணிக்கற்கள் மேலும் அவருக்குத் தீராத ஆசை. அவர் சேர்த்த கற்கள் பெங்களூரில் அவர் நிறுவிய ஆய்வு நிலையத்தில் இன்றும் இருக்கின்றன. 1928இல் அவர் கண்ட ராமன் விளைவை வைத்தே, இன்று ஆய்வகங்களில் ஒரு கல்லை உடைக்காமல், ஒளியை மட்டும் பாய்ச்சி, அது வைரமா குவார்ட்ஸா என்று சில வினாடிகளில் சொல்லிவிடுகிறார்கள்.

நம் மாநிலத்துக்கும் கனிம உலகில் ஒரு பெயர் உண்டு. கால்சியம், வெள்ளீயம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு கனிமம் பேராக்கின் பத்தாங் பாடாங் வட்டாரத்தில் கண்டறியப்பட்டு, 1965இல் மலாயைட் என்று பெயர் பெற்றது. குறுகிய அலைநீளப் புறஊதா ஒளியில் அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். உலகின் எந்த மூலையில் அது கிடைத்தாலும், நம் நாட்டின் பழைய பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

நீங்கள் போவதற்கு முன்

படித்துவிட்டு உடனே சுத்தியலோடு கிளம்பிவிடாதீர்கள். சில விதிகள் உண்டு.

பெரியவர் துணையில்லாமல் போகக் கூடாது. ஈயக் குட்டைகளின் பக்கமே வேண்டாம். அவற்றின் கரை மணல் திடீரென்று சரியும், கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடும்.

நிலம் யாருடையது என்று கேட்டு, அனுமதி பெற்ற பிறகே இறங்க வேண்டும். அரசு நிலத்திலுள்ள கல்லும் கனிமமும் மாநில அரசுக்குச் சொந்தம்.

குகைக்குள் எதையும் உடைக்காதீர்கள். குவா தெம்புரோங் போன்ற குகைகளில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் சொட்டுச் சொட்டாக, பல்லாயிரம் ஆண்டுகளில் வளர்ந்தவை. ஒரு விழுதை உடைக்க ஒரு வினாடி போதும். திரும்ப வளர நம் ஆயுள் போதாது. கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது இத்தகைய செல்வங்களைக் காக்கத்தான்.

கல்லைத் தட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வெள்ளிபோல் மின்னும் கல்லைத் தட்டியதும் பூண்டு வாசனை அடித்தால், அதில் ஆர்செனிக் இருக்கிறது என்று பொருள். கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

ஆற்றுக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா சாலையிலுள்ள புவியியல் அருங்காட்சியகத்தையும், கம்பாரிலுள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். வீட்டிலேயே படிகம் வளர்க்கலாம். கடையில் படிகாரம் வாங்கி, சூடான நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரையுங்கள். வடிகட்டி ஆறவிடுங்கள். மறுநாள் அடியில் தோன்றும் சிறு படிகங்களில் நல்லதாக ஒன்றை நூலில் கட்டி, மிச்சக் கரைசலில் தொங்கவிட்டு, அசைக்காமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஒரு குவளையை வேகமாகவும், இன்னொன்றைத் துணி சுற்றி மெதுவாகவும் ஆறவைத்து ஒப்பிட்டால், கருங்கல்லில் ஏன் பெரிய படிகங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

கடைசியாக ஒரு விதி. கல் சேர்ப்பவர்கள் இதைத்தான் முதல் விதி என்பார்கள். எந்தக் கல்லையும் சீட்டு இல்லாமல் வைக்கக் கூடாது. என்ன கல், எங்கே கிடைத்தது, எப்போது, யார் எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல், முகவரி இல்லாத கடிதம் மாதிரி. ஆய்வாளருக்கு அது எதையும் சொல்லாது.

ஈப்போவுக்குத் திரும்பியதும் நண்பருக்கு ஒரு சிறு அட்டை கொடுத்தேன். கல்லின் பெயர் என்ற இடத்தில் 'குவார்ட்ஸ்' என்று எழுதினார். இடம் என்ற இடத்தில் ஓடையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினார். அந்தத் தோட்டத்தின் பெயர் இப்போது எந்தப் பலகையிலும் இல்லை. ஆண்டு சரியாகத் தெரியாததால், அம்மாவைக் கேட்டு எழுதுவதாகச் சொல்லி இடம் விட்டார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் பாட்டியின் முழுப்பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார்.

கல் இப்போது பழையபடி சாமி மேடையில், அட்டையின் மேல் இருக்கிறது.